கண் போகிற பக்கம் கார் போகும்

நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்டைக் கடந்ததும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை ஒரே நேராகக் கிடக்கிறது. லிங்கன் நகரை நெருங்கும்வரை 72 மைல், ஏறக்குறைய 116 கிலோமீட்டருக்கு, வளைவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. வேக வரம்பு மணிக்கு 75 மைல். இரண்டு பக்கமும் ஆளுயரம் தாண்டிய மக்காச்சோளம், அது விட்ட இடத்தில் சோயா. ஸ்டீயரிங்கின் மேல் கை சும்மா இருந்தால் போதும், கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சாலையில்தான், வளைவுகளில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

தம்பி குடும்பம் டென்வரில் இருக்கிறது. அவன் மகளுக்கு வேலை லிங்கனில். விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தவள், சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது, "அத்தை, எங்கூட வாங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டோகிராஸ் இருக்கு. பாக்கறதுக்கில்ல, ஓட்டறதுக்கு" என்றாள். தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் அதற்குள் பெட்டியை எடுத்துவிட்டேன்.

கோவைக்காரர்களுக்கு மோட்டார் பந்தயம் அந்நியம் இல்லை. பந்தய வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். ஆட்டோகிராஸில் வேலி என்று ஒன்று கிடையாது. ஒரு பெரிய கெட்டித்தரை, அதில் ஆரஞ்சு நிறக் கோன்களை நிறுத்தி வகுத்த நெளிந்த பாதை, ஒரு கடிகாரம். பக்கத்தில் முட்டிக்கொண்டு வர இன்னொரு கார் இல்லை, மோதுவதற்குச் சுவரும் இல்லை. ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்பின் முடிந்துவிடும். வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அபூர்வம். தினமும் அலுவலகம் போகிற காரிலேயே வந்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் அதிலேயே வீடு திரும்பலாம். நம் நாட்டில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தடம். கோவையிலோ சிக்மகளூரிலோ நடந்தால் புழுதி பறக்கும். அமெரிக்காவில் அது தாரிலும் கான்கிரீட்டிலும் நடக்கிறது.

டென்வரிலிருந்து லிங்கன் சுமார் 780 கிலோமீட்டர். தம்பி மகளின் கார் மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, மடித்துவைக்கும் கூரை, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானதிலிருந்து ஆட்டோகிராஸ் மைதானங்களில் இந்தக் கார் இல்லாத ஞாயிறே கிடையாது என்றாள். கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் சக்கரங்களின் மேல் வட்டமாக நகர்ந்து நீர் தெளிக்கும் நீண்ட குழாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். கொலராடோ விவசாயி ஃபிராங்க் ஸைபாக் 1952-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. வறண்ட நிலத்தில் இவ்வளவு சோளம் விளைவதற்கு அதுவும், அது உறிஞ்சும் ஓகலாலா நிலத்தடி நீரும்தான் காரணம். நார்த் பிளாட்டுக்கு முன்பே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று. அந்த ஊரின் பெய்லி யார்டு உலகிலேயே பெரிய ரயில் பெட்டி பிரிப்பு நிலையம். கோபுரத்தில் ஏறி, சரக்குப் பெட்டிகள் மேட்டிலிருந்து தாமாக உருண்டு தத்தம் தண்டவாளத்தில் போய்ச் சேருவதைப் பார்த்தோம். அங்கே இன்னும் நேரம் செலவழித்திருக்கலாம். ஆனால் மறுநாள் விடியற்காலையில் மைதானத்தில் இருக்க வேண்டும்.

மைதானம் என்றால் லிங்கன் விமான நிலையத்தின் மேற்குப் பக்கம், ஏர்பார்க் என்று அழைக்கப்படும் பகுதி. இரண்டாம் உலகப் போரில் அது ராணுவ விமானத் தளம். பிறகு 1954 முதல் 1966 வரை விமானப்படைத் தளம்; பி-47 ரக அணுகுண்டு விமானங்கள் அங்கே நின்றன. அவ்வளவு கனத்தைத் தாங்குவதற்காக ஊற்றிய கான்கிரீட், விமானங்கள் போனபிறகும் ஏக்கர் கணக்கில் அப்படியே கிடக்கிறது. 2009 முதல் அமெரிக்காவின் தேசிய ஆட்டோகிராஸ் போட்டி இங்கேதான் நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். நடத்துவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா; 1944-இல் தொடங்கிய சங்கம், ஆட்டோகிராஸில் தேசியப் போட்டியை 1973 முதல் நடத்துகிறது. நாங்கள் போனது அந்தப் பெரிய போட்டிக்கு இல்லை. அதே கான்கிரீட்டில் உள்ளூர்க்காரர்கள் கூடி நடத்தும் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு.

கைவிட்ட விமானத் தளங்களுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உறவு பழையது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், ஃபுளோரிடாவின் செப்ரிங், நம் சோழவரம், எல்லாமே போர்க்கால ஓடுதளங்கள். நெப்ராஸ்காவுக்கு இதில் தனியாக ஒரு கதை உண்டு. 1952-இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் நடந்த தெருப் பந்தயத்தில், வேடிக்கை பார்த்த ஒரு சிறுவன் இறந்துபோனான். ஊர்த் தெருக்களில் பந்தயம் விடுவதை இனி யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்ற நிலை. அப்போது சங்கத்துக்குத் தன் தளங்களைத் திறந்துவிட்டவர் ஜெனரல் கர்ட்டிஸ் லெமே. ஒமாகா அருகே ஆஃபட் தளத்தில் இருந்துகொண்டு அமெரிக்க விமானப்படையின் அணுகுண்டு விமானங்களை ஆண்டவர்; 1945-இல் டோக்கியோ நகரைத் தீக்குண்டுகளால் எரித்த தாக்குதலுக்குக் கட்டளையிட்டவரும் அவரே. அவருக்குப் பந்தயக் கார்ப் பித்து. 1952 முதல் 1954 வரை விமானப்படைத் தளங்களில் பந்தயங்கள் நடந்தன, ஆஃபட் தளத்திலும். அந்த மனிதரின் பெயரோடு சேர்த்து டோக்கியோவைத் தவிர எனக்கு வேறெதையும் நினைக்கத் தோன்றாது என்று எண்ணியிருந்தேன். சிறுவர்களின் உயிருக்குப் பங்கமில்லாத பந்தயத்துக்கு அவர் கதவு திறந்தார் என்பதையும் இனிமேல் சேர்த்தே நினைக்க வேண்டும்.

காலை ஏழரைக்கே வெயில் ஏறிவிட்டது. வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தேன். புத்தம்புது கார்வெட் ஒன்று, இருபது வருடப் பழைய ஹோண்டா சிவிக் ஒன்று, பின் இருக்கையில் குழந்தை நாற்காலி இருந்த அடையாளத்தோடு ஒரு சுபாரு. எல்லோரும் கார்களைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், சார்ஜர், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, எல்லாம் வெளியே. உருண்டு போகும் பாட்டில் ஒன்று பிரேக்கின் அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பரிசோதகர் வந்தார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், வீல் நட்டுகளைத் தொட்டார், பேட்டரி அசைகிறதா என்று தள்ளினார், பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஹெல்மெட் இல்லாதவர்களுக்குச் சங்கமே இரவல் தருகிறது. என் ஓட்டுநர் உரிமத்தையும் சர்வதேச அனுமதியையும் பார்த்துவிட்டு, கதவில் எண் ஒட்டச் சொன்னார்கள். நீல நிற டேப்பில் தம்பி மகளே ஒட்டினாள்.

பிறகு எல்லோரும் பாதையை நடந்து பார்க்கப் போனார்கள். ஆட்டோகிராஸில் முன்கூட்டியே பழகிய பாதை கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோன் வைக்கிறார்கள். காரில் போய்ப் பார்க்க விடமாட்டார்கள், நடந்துதான் மனப்பாடம் செய்ய வேண்டும். நின்றிருக்கும் கோனின் பக்கத்தில் இன்னொரு கோன் படுத்திருந்தால் அதன் நுனி காட்டும் பக்கம் விலகி, நின்ற கோனை ஒட்டிப் போக வேண்டும். நடக்கும்போது கோன்கள் எங்கும் சிதறிக் கிடப்பதாகவே தெரிந்தது. எனக்கு முன்னால் போன ஒருவர் திடீரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காருக்குள் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து பார்க்கிறாராம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். நின்றபோது கலைந்து கிடந்தவை உட்கார்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைக்கு வந்தன. நடுவே பாதை தெரிந்தது.

தம்பி மகள் முதல் பிரிவில் ஓட்டினாள். உள்ளூர் நாட்களில் பக்கத்து இருக்கையில் ஆள் ஏறலாம் என்பதால் நானும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஏறினேன். அவள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டவிட்டு, இருக்கையை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தாள். பெல்ட் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டது. உடம்பைத் தாங்குவதற்காக ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கும் வேலை கைகளுக்கு இனி இல்லை. கொடி ஆட்டுபவர் கை காட்டினார். கார் பாய்ந்தது.

பாதையைவிட நான் அவள் தலையைத்தான் அதிகம் பார்த்தேன். வளைவுக்குள் நுழையும்போது அவள் முன்கண்ணாடி வழியே பார்க்கவே இல்லை. முகம் முழுக்க என் பக்கம் திரும்பி, என் தோளைத் தாண்டி, பக்கக் கண்ணாடி வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு நேரே கோன்கள் பாய்ந்து வருகின்றன, இவளோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடந்து முடித்ததும்தான் விளங்கியது. பக்கத்தில் இருக்கும் கோனைப் பற்றிய முடிவை எப்போதோ எடுத்துவிட்டாள். கண் அடுத்ததையும் தாண்டி அதற்கும் அடுத்ததில் இருக்கிறது. கை அதன் பின்னால் வருகிறது. அன்று நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது எனக்குப் பயணி இருக்கையிலேயே கிடைத்துவிட்டது. அதைக் கண்ணுக்கும் கழுத்துக்கும் சொல்லிக்கொடுப்பதிலேயே மீதி நாள் போயிற்று.

அடுத்த பிரிவில் எனக்கு வேலை. ஆட்டோகிராஸின் இந்த ஏற்பாடு என் மனதுக்கு மிகவும் பிடித்தது. ஓட்ட வந்த எல்லோரும் ஒரு பிரிவு ஓட்டி, இன்னொரு பிரிவு வெயிலில் நின்று மற்றவர்களுக்காகக் கோன் எடுத்து வைக்க வேண்டும். கார்வெட்காரருக்கும் விலக்கு இல்லை. என்னை நாலு பேரோடு மூன்றாவது நிலையத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் கையில் ரேடியோ, ஒருவர் கையில் சிவப்புக் கொடி, பக்கத்தில் தீயணைப்பான். விதிகள் சில: உட்காரக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, ஓடும் காருக்கு முதுகு காட்டக் கூடாது.

ஒவ்வொரு கோனின் அடிப்பாகத்தைச் சுற்றியும் சாக்பீஸால் சதுரம் வரைந்திருந்தது. கார் கோனைச் சாய்த்துவிட்டாலோ, நின்ற நிலையிலேயே சதுரத்துக்கு முழுக்க வெளியே தள்ளிவிட்டாலோ 2 நொடி தண்டனை. கோன் நிமிர்ந்து நின்று, அடிப்பாகத்தின் ஓரம் துளியளவு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தண்டனை இல்லை. ஒரு பழைய சிவிக் உரசிவிட்டுப் போன கோன் தள்ளாடி, சுழன்று, நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, கன்னம் தரையில் படும்படி பார்த்தார். ஓரம் கோட்டைத் தொட்டது. இரு கைகளையும் விரித்துக் காட்டினார், தண்டனை இல்லை. பிறகுதான் சொன்னார், அந்த சிவிக் அவருடைய நேர் போட்டியாளருடையது. இரண்டு பேருக்கும் பருவம் முழுக்கப் புள்ளிச் சண்டையாம்.

நின்று பார்ப்பதிலும் நிறையப் பாடம் இருந்தது. என் நிலையத்துக்கு எதிரே ஐந்து கோன்கள் ஒரே நேர்க்கோட்டில். இடம், வலம், இடம் என்று பாம்பாக நெளிந்து போக வேண்டும். தடுமாறுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். கோனுக்கு நேரே வந்தபிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் அகலமாக வெளியே போய்விடுகிறது; அடுத்த கோனுக்கு இன்னும் தாமதம், அதற்கடுத்ததற்கு அதைவிடத் தாமதம், நான்காவதோ ஐந்தாவதோ பறந்துவிடும். தேர்ந்தவர்கள் கோனுக்கு முன்பே திரும்பி முடித்துவிடுகிறார்கள். கோன் பக்கத்தில் வரும்போது அவர்களுடைய கார் அடுத்த பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. கடைசிக் கோன் விழும்போது பழுது முதல் கோனில் இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. பக்கவாட்டில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரிகிறது.

மதியம் என் பிரிவு. புதியவர்களுக்குச் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் ஏறிக் கற்றுக்கொடுக்கிறார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எனக்குக் கிடைத்தவர் எழுபதை நெருங்கும் மனிதர், ரயில்வே மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் என் இருக்கையைச் சரிசெய்தார். தோள் இருக்கையை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். கியர் பற்றிக் கவலைப்படாதீர்கள், கிளம்பியதும் இரண்டாவதில் போடுங்கள், முடியும்வரை அதுதான் என்றார். இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் மாற்றுவது பற்றிய என் யோசனை அந்த ஒரே வாக்கியத்தில் தீர்ந்தது.

முதல் ஓட்டத்தில் அவர் சொன்னது ஒரே ஒரு சொல்: "பாருங்கள்." கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, நான் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் விரல் எப்போதும் நான் இருக்கும் இடத்துக்கு வெகுதூரம் முன்னால் இருந்தது. பயமாக இருக்கும் கோனின் மேலேயே கண் போய் ஒட்டிக்கொள்கிறது. கண் ஒட்டிய இடத்துக்கே கார் போகிறது. தொப்பென்று ஒரு சத்தம், ஆரஞ்சு நிறம் பம்பருக்கு அடியில் மறைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் அடுத்த வாயிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது நீண்ட வட்ட வளைவு. நடுவில் முன் சக்கரங்கள் கீச்சென்று கத்தின. கார் திரும்ப மறுத்து நேரே வழுக்கியது. இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு என்று கை துடிக்கும். "ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விடுங்கள்" என்றார் அவர். வெளியே போய்க்கொண்டிருக்கும் காரில் ஸ்டீயரிங்கைத் தளர்த்துவதா? தளர்த்தினேன், ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் மெல்ல எடுத்தேன். சத்தம் அடங்கியது, கார் கேட்டது, திரும்பியது.

வரிசையில் காத்திருக்கும்போது விளக்கினார். டயரின் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. பிரேக், திருப்பம், வேகம் மூன்றும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். நம் வழக்கில் சொன்னால், மாதச் சம்பளம் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் காசு இருக்காது. அதனால் பிரேக் வேலையை நேர்ப்பாதையிலேயே முடித்து, காலை விட்டுக்கொண்டே திருப்ப வேண்டும்; வளைவு அவிழ அவிழ ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். ஸ்டீயரிங் நேராகிற அளவுக்குத்தான் வலது கால் இறங்கலாம். வழுக்கும் முன் சக்கரத்தை மேலும் திருப்பினால், இல்லாததைக் கேட்கிறீர்கள். கொஞ்சம் விட்டால்தான் அது மறுபடி தரையைப் பிடிக்கும்.

பாதையின் முடிவில், நேரம் குறிக்கும் ஒளிக்கதிரைக் கடந்ததும், நிறுத்துவதற்காக நிறைய இடம் விட்டிருந்தார்கள். "இங்கே பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள்; உதைப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உதைத்தேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டதாகக் காலை எடுக்கத் தோன்றும். "எடுக்காதீர்கள், இன்னும் அழுத்துங்கள், அழுத்திக்கொண்டே இடது பக்கம் திருப்புங்கள்" என்றார். கார் நின்றுகொண்டே திரும்பியது.

எனக்குக் கோபமே வந்தது, அவர் மேல் இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிப்பது அதன் வேலை. அந்த அதிர்வு அது வேலை செய்வதற்கு அடையாளம். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி எதிரில் இருப்பதைத் தவிர்க்க முடிவதுதான் அதன் முழுப் பயன். நம்மில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கிளட்சை விடக் கற்றோம், ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினோம், உரிமம் வந்தது. ஈரச் சாலையில் டயர் பிடி விட்டால் கைக்கு என்ன தெரியும், காலுக்கு என்ன தெரியும், குறுக்கே மாடு வந்தால் எவ்வளவு அழுத்தலாம் என்பதெல்லாம் முதல்முறையாக நமக்குத் தெரிய வருவது விபத்து நடக்கும் அந்தக் கணத்தில்தான். அப்போது கற்றுக்கொள்ள நேரம் இல்லை. ஒரு மிரட்சியில் மனிதன் காலை எடுத்துவிடுகிறான். பத்து ரப்பர் கோனும் ஒரு காலி மைதானமும் இருந்தால் இதை ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொடுக்கலாம். கல்லூரி மைதானங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் தொழிற்சாலை வளாகங்களும் கோவையில் மட்டும் எத்தனை இருக்கின்றன. நான் ஊர் திரும்பியதும் இதைப் பற்றிப் பேசப் போகிறேன், கேட்கிறவர்கள் சலிக்கும்வரை.

அடுத்தடுத்த ஓட்டங்களில் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பாம்பு வளைவில் மட்டும் "முன்னாடியே" என்பார். காலையில் பக்கவாட்டில் நின்று பார்த்தது நினைவுக்கு வரும். கோன் வருவதற்குள் திரும்பி முடித்துவிட முயல்வேன். ஒருமுறை ஐந்து கோனும் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாக நழுவின. ஸ்டீயரிங்கை நான் திருப்பினேன் என்றே தோன்றவில்லை. வேகமானியைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவது கியரில் 80 கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. நெடுஞ்சாலையில் 120-இல் வந்தபோது அரைத் தூக்கத்தில் இருந்தவள் நான். இங்கே அந்த ஒரு நிமிடம் முடிந்து கார் நின்றதும்தான் மூச்சு விட மறந்திருந்தது தெரிந்தது. நாங்கள் வரிசையில் நின்றபோது விமானப்படையின் எண்ணெய் நிரப்பும் விமானம் ஒன்று பேரிரைச்சலோடு எழும்பியது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். கார்வெட்டையும் சிவிக்கையும் ஒப்பிட வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு வகைக் காருக்கும் ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறார்கள். பேக்ஸ் என்று சொல்கிறார்கள். நேரத்தை அதால் பெருக்கினால் காரின் பலம் கழிந்து ஓட்டியவரின் கை மிஞ்சும் என்பது கணக்கு. அன்று அந்தக் கணக்கில் முதலில் வந்தது கார்வெட் இல்லை, பழைய சிவிக். கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த கோனுக்குக் கை விரித்த அந்தப் பெண்தான் முதலில் போய் அந்த சிவிக்காரரின் கையைக் குலுக்கினார். என் முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து நொடிக்கு மேல் குறைந்திருந்தது. பட்டியலில் நான் கீழேதான் இருந்தேன். எனக்கு மேலே இருந்தவர்களில் சிலர் வந்து, எந்த வாயிலில் இன்னும் ஒரு நொடி ஒளிந்திருக்கிறது என்று தரையில் விரலால் வரைந்து காட்டினார்கள்.

கோன்களை அடுக்கி வண்டியில் ஏற்றும் வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தம்பி மகள் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். என் ஓட்டங்கள் தொடங்கும் முன் ஒவ்வொரு டயரின் ஓரத்திலும் வெள்ளை ஷூ பாலிஷ் பூசியிருந்தாள். நடுவில் ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி பூசினாள். டயர் எவ்வளவு மடங்கித் தரையில் உரசுகிறது என்பதை அழிந்த பூச்சு காட்டும். அளவு தெரிய டயரின் பக்கச் சுவரில் சின்னதாக ஒரு முக்கோணம் அச்சிட்டிருக்கிறது. முதல் பாதியில் முன் டயரில் முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருந்தது என்று அவள் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். இப்போது குனிந்து பார்த்தால், முக்கோணத்தின் நுனியோடு நின்றிருந்தது.

"காத்து ஏத்தினியா கண்ணு?"

"தொடவே இல்லீங்க அத்தை. நீங்க ஸ்டீயரிங்கை விட்டுக் குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை பின்னாடி டயர்ல ஒரு பவுண்டு குறைச்சுப் பாக்கலாம்."

எவ்வளவு குறைக்கலாம் என்று அந்தப் பெரியவரிடமும் கேட்டோம். அவர் பையிலிருந்து காற்றழுத்த மானியை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு குனிந்தார்.